ஜீரோம்மாவின் ஐம்பத்தெட்டுப் பாட்டுகள்

மிஷின்காரருக்கு ஊசி விழுந்தால் கேட்கும், பெண்டாட்டி கூப்பிட்டால் கேட்காது என்பது அந்தத் தெருவில் நெடுநாள் கேலி. தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டில் யாராவது தைத்துக்கொண்டிருந்தால், பட்டறையில் உட்கார்ந்தபடியே "அந்த மிஷின்ல ஷட்டில் காயுது, எண்ணெய் விடச் சொல்லுங்க" என்பார். போய்ப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். அப்பேர்ப்பட்ட காது. அந்தக் காது ஒரு விஷயத்தை இருபத்தேழு வருஷம் கோட்டைவிட்டது.

அவர் மனைவியை எல்லோரும் ஜீரோம்மா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த வார்டிலிருந்து ஜீரோவைச் சுழற்றினாலும் அவள்தான் வருவாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு "இருங்க, லைன் குடுக்கறேன்" என்பாள். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தடவை அதே வார்த்தை. கனத்த குரல். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மிஷின்காரரே அப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரித் துணிப்பிரிவில் மிஷின் நின்றுபோனது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போன் போட்டு "சார், துணிப்பிரிவு குடுங்க சார்" என்றார். "சார் இல்லைங்க. பரவால்ல, இருங்க, லைன் குடுக்கறேன்" என்றது அந்தக் குரல். மிஷினைப் பார்க்கப் போன இடத்தில் மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று எக்ஸ்சேஞ்ச் அறைக்குள் எட்டிப் பார்த்தவர், ஒரு வருஷம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்து கல்யாணத்தில் போய் நின்றார்.

ஜீரோம்மா பாட்டுக் கட்டுவாள். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில், டூட்டி நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவாள். பழைய கிடார் ஒன்றை வாங்கி, யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், கம்பிகளைத் தன் தொண்டைக்குத் தோதாக முறுக்கி வைத்துக்கொண்டாள். வாராந்திர விடுமுறையில் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று குறுக்கே பேசும் என்பதால் அதன் பேட்டரியை உருவி வைத்துவிட்டு, மிஷின்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடுவாள். டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்குவது அவர் வேலை. ஒரு சின்னக் கம்பெனி அவற்றைக் கேசட்டாகப் போட்டது. பதினோரு கேசட், ஐம்பத்தெட்டுப் பாட்டு. ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. வாங்கினவர்கள் மட்டும் விடாமல் வைத்துக் கேட்டார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல் போனது. இப்போது வருவது காற்று மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்த்தால் புரியும். இனிமேல் வராது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் தொகுப்புக்காரப் பெண் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். கவனிக்கப்படாமல் போன பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து, மொத்தப் பாட்டையும் ஒரே பெட்டியில் போட்டு வெளியிடுகிற ஒரு சின்ன இடத்தில் வேலை. முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட நாளில் அவள் அத்தையின் தையல் கடையில் ஜீரோம்மா கேசட் இரண்டு கிடந்ததாம். அதைக் கேட்டே வளர்ந்தவள். மூன்று மாதமாக வாரம் ஒருமுறை ரயிலேறி வந்துபோனாள். ஒரிஜினல் டேப்புகளை எல்லாம் வாங்கிப் போய் நல்ல மிஷினில் ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிசைப்படுத்தி, ஒரு புதன்கிழமை மாதிரிப் பிரதியோடு வந்து இறங்கினாள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

மழை விட்டிருந்த மத்தியானம். ஜீரோம்மாவுக்குக் குழைய வேகவைத்த சோறும் முட்டையும். மற்ற இருவருக்கும் அதோடு ஒரு பொரியல். சாப்பாட்டுக்கு நடுவிலேயே அந்தப் பெண் தான் எழுதிய முன்னுரையைப் படித்துக்காட்டினாள். பதினாலு பக்கம். சோறு ஆறிப்போனது.

"முதல் கேசட்ல இருக்கற ஏழு பாட்டுலயும் அம்மா குரல் அடிவயித்துலேர்ந்து வருது. ரெண்டாவது கேசட்லேர்ந்து குரல் மெலிஞ்சு மேல போயிடுது. கடைசிவரைக்கும் அப்படியேதான். இதைப் பத்தி மட்டும் மூணு பக்கம் எழுதியிருக்கேன். 'முகமூடிக் குரல்'னு தலைப்பு. தன்னோட நிஜக் குரலைக் கேட்டு எல்லாரும் சார் சார்னு சொன்னதால, ஒரு பொண்ணு அதை ஒளிச்சு வெச்சுட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரலைப் போட்டுக்கறா. அதுக்குப் பின்னால எவ்வளவு வலி இருந்திருக்கும்!"

ஜீரோம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணையும் ஒளிக்கலையே" என்று காற்றாகச் சொன்னாள்.

"தெரியாமலே செஞ்சிருப்பீங்கம்மா. கலைஞர்கள் அப்படித்தான்."

"நான் எப்பவும் பாடற மாதிரிதாம்மா பாடினேன்."

மிஷின்காரருக்குச் சுருக்கென்றது. "முகமூடியும் இல்ல, மூடியும் இல்ல. எல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் பண்ணின வேலை. காப்பி போடறப்ப அவசரத்துல வேகமா ஓட்டிக் கெடுத்துட்டான். எங்க வீட்டுல போட்டா இவ குரல் இவ குரலாத்தான் இருக்கும். கேசட்டா வந்தா எலி கீச்சுங்கற மாதிரி இருக்கும். ரெண்டு லெட்டர் போட்டேன். 'நீங்க குடுத்ததைத்தான் போட்டோம்'னு பதில் போட்டான். திருட்டுப் பய."

"ஆனா ஐயா, நான் கம்பெனி கேசட்டை எடுத்துக்கலையே. நீங்க குடுத்த ஒரிஜினல் டேப்பைத்தான் ஓட்டினேன். அதுலயும் குரல் அப்படித்தான் இருக்கு."

"உங்க மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

"முதல் கேசட்டோட டேப் மட்டும் எப்படிச் சரியா வரும்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அந்தப் பெண்ணும் பெரியவரோடு வாதாட வேண்டாம் என்று பேச்சை மாற்றினாள்.

"ஒரே ஒரு சந்தேகம் ஐயா. ஒரு பாட்டுல மட்டும் பின்னால டிக் டிக்னு சத்தம் வருது. எடுத்துடட்டுமா, இருக்கட்டுமா?"

கையடக்கப் பாட்டுப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்துப் போட்டாள். தினமும் சாயங்காலம் ஜீரோவைச் சுழற்றி மணி என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிற நோயாளியைப் பற்றிய பாட்டு. நாலாவது கேசட். அன்றைக்கு இரண்டு பேருமே கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது. மணியைப் பற்றிய பாட்டுதானே, இருக்கட்டும் என்று ஜீரோம்மா அப்படியே விட்டுவிட்டாள்.

மிஷின்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மெல்லுவதை நிறுத்தினார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார். இன்னொரு தடவை போட்டாள். சோற்றுக் கையோடு எழுந்து பட்டறைக் கதவருகில் போய் நின்றார். அதே கடிகாரம்தான் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. அது ஒரு டிக் அடிப்பதற்குள் பெட்டிக்குள் இருக்கிற கடிகாரம் முந்திக்கொண்டு ஓடியது.

"என்னங்க?" என்றாள் ஜீரோம்மா. அதாவது உதடு அப்படிக் கேட்டது.

"ஒண்ணுமில்ல. டிக் டிக் இருக்கட்டும்மா, எடுக்காத. அந்தப் பெட்டியை வெச்சுட்டுப் போறியா?"

நாலு மணி ரயிலுக்கு அந்தப் பெண் கிளம்பிப் போனாள்.

அவர் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மிஷின் திறந்த வயிற்றோடு கிடந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, கைபேசியில் வினாடியை ஓடவிட்டு, பெட்டியில் அந்தப் பாட்டைப் போட்டு எண்ணினார். அறுபது டிக். ஒரு நிமிஷம் ஆகவேண்டும். ஐம்பத்திரண்டு வினாடிதான் ஆனது. எண்ணினது தப்போ என்று மறுபடி எண்ணினார். ஐம்பத்திரண்டு. சுவரில் தொங்குகிறதை எண்ணினார். அறுபதுக்கு அறுபது. பேட்டரி கடிகாரம் பொய் சொல்லாது. அப்படியானால் டேப்பில் பதியும்போதே ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததை ஒழுங்காக ஓடுகிற மிஷினில் போட்டால் எல்லாமே வேகமாகும், குரல் மேலே ஏறும். தையல் மிஷின்காரருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பரணிலிருந்து பழைய ரிக்கார்டரை இறக்கினார். நாலு திருகு. மூடியைக் கழற்றினதும் அது பளிச்சென்று தெரிந்தது. மோட்டார் முனையில், பெல்ட்டைச் சுழற்றுகிற பித்தளைப் புல்லி. அவர் கையால் கடைந்தது.

முதல் கேசட் முடிந்த கொஞ்ச நாளில் மோட்டாரில் இருந்த பிளாஸ்டிக் புல்லி விரிசல் விட்டது. கடையில் கிடைக்கவில்லை. நமக்குத் தெரியாத புல்லியா என்று, உடைந்ததை வெர்னியர் வைத்து மூன்று இடத்தில் அளந்து, பித்தளையில் அதே அளவுக்கு, மயிரிழை பிசகாமல் கடைந்து போட்டார். வேலை அவ்வளவு சுத்தம். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது அந்த உடைந்த பிளாஸ்டிக் துண்டையும் தேடி எடுத்தார். ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவர் எதையும் எறிகிறவர் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரிசல் விட்ட பிறகும் ஓட்டினதில் பெல்ட் சறுக்கிச் சறுக்கி நடுவில் பள்ளம் பறித்திருந்தது. ஓரத்தில் மட்டும் பழைய கனம். அவர் அளந்தது பள்ளத்தை. தேய்ந்துபோனதை அளந்து, தேய்ந்தபடியே புதுசாகச் செய்து மாட்டியிருக்கிறார். புல்லி சிறுத்தால் வேகம் குறையும். ஒரு கத்துக்குட்டிகூட முதலில் கேட்கிற கேள்வியை, தொழில் தெரிந்தவர் என்பதாலேயே கேட்காமல் விட்டிருக்கிறார்.

வீட்டில் அதே மிஷினில் பதிந்து அதே மிஷினில் கேட்டதால் வித்தியாசம் தெரியவில்லை. வேறு கேசட்டை அதில் போடவும் அவர் விடமாட்டார். "இது உன் பாட்டுக்கு மட்டும். கண்டதையும் போட்டா ஹெட் அழுக்காகும்" என்பார். அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இருட்டுகிறவரை அந்தப் புல்லியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேசட் ஓடவில்லை என்பது போகட்டும். அவரை அறுத்தது வேறு ஒன்று. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சங்கத்தில் ஜீரோம்மாவைப் பாடக் கூப்பிட்டார்கள். எண்பது நாற்காலி. எண்பதும் நிரம்பியது. கேசட் கேட்டுப் பிரியப்பட்டு வந்த ஜனம். ஜீரோம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு, கிடாரை மடியில் வைத்து, தன் சொந்தக் குரலில் பாடினாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அம்மா, நீங்களும் நல்லாத்தான் பாடறீங்க. ஆனா கேசட்ல பாடினவங்களைக் கூப்பிடுங்க. நாங்க அவங்களைப் பாக்கத்தான் வந்தோம்" என்றார். நாலைந்து பேர் "ஆமா, இவங்க இல்ல" என்றார்கள். நான்தான் அது என்று ஜீரோம்மா சொன்னதும் யாரோ சிரித்தார்கள். அவள் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை. யார் வீட்டிலாவது தன் கேசட் ஓடினால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். தன்னடக்கம் என்று ஊர் சொன்னது. "காது இல்லாத ஜனங்க, விடு" என்று அவர் சொன்னார்.

காது இல்லாதவர் யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகும், முகமூடிக் குரல் என்று பதினாலு பக்கத்தோடு வரும், படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் அவள் குரல் இனிமேல் உலகத்தில் எங்கேயும் இருக்காது. தொண்டையில் இல்லை. டேப்பில் இருப்பதோ எலிக்குரல். சொல்லிவிட்டால் குரல் மிஞ்சும். அதோடு, அவள் மேடையை விட்டதற்குக் காரணம் கட்டின புருஷன் கடைந்த பித்தளைத் துண்டு என்பதும் தெரிந்துவிடும். வியாழக்கிழமை முழுவதும் இதையே உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு தையல்காரர் ரிப்பேருக்கு விட்ட மிஷினை எடுத்துக்கொண்டு போய், அரைமணியில் திரும்பி வந்து, "என்னண்ணே, ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. உடம்பு சரியில்லையா?" என்றார். நாற்பது வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தொகுப்புக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"அம்மா, அந்த மூணு பக்கத்தைக் கிழிச்சுப் போடு" என்றார் எடுத்த எடுப்பில்.

"ஐயா? எந்த மூணு பக்கம்?"

"முகமூடி. முகமூடியெல்லாம் இல்ல. நான் புல்லி தப்பாப் போட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். அறுபது டிக், ஐம்பத்திரண்டு வினாடி என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயா, அப்போ முதல் கேசட் குரல்தான்..."

"அதுதாம்மா அவ குரல். கடைசிப் பாட்டுவரைக்கும் அதேதான். ஒண்ணும் மாறல."

"நான் மூணு வருஷமா அந்த முகமூடியைப் பத்தி எல்லார்கிட்டயும் பேசிட்டிருக்கேன் ஐயா. ஒரு கூட்டத்துல கட்டுரைகூட வாசிச்சேன். கை தட்டினாங்க."

"எனக்கும்தான் புல்லி செஞ்சப்ப கை தட்டினாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "அந்தக் கணக்குக்கு வேகத்தைக் குறைச்சா போதும். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிடறேன்" என்று வைத்தார்.

ஜீரோம்மா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டில் பித்தளைப் புல்லியை வைத்தார். பட்டாணிக்கு நடுவில் அது உருண்டு நின்றது.

"இது என்னன்னு தெரியுதா?"

"உங்க புல்லி. ரிக்கார்டர்ல போட்டீங்களே. ஊரையே கூட்டிக் காட்டினீங்க."

"தப்பு அளவுல செஞ்சுட்டேன். அதனாலதான் கேசட்ல எல்லாம் உன் குரல் அப்படி வந்துது. கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல. நான்தான்."

ஜீரோம்மாவின் கை ஒரு தோலைப் பாதி உரித்தபடி நின்றது. பிறகு உரித்து முடித்தது. அடுத்ததை எடுத்தது. அவர் காத்திருந்தார். தட்டு நிறைகிறவரை அவள் நிமிரவில்லை.

"அன்னிக்கு ஹால்ல எழுந்து நின்னானே ஒருத்தன்" என்றாள். காற்றுக்குரல் என்றாலும் அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"ம்."

"இருபது வருஷமா அவனை மனசுக்குள்ள திட்டாத நாள் இல்ல. அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்."

"ஆமா."

"அவன் மேல தப்பு இல்லன்னா நான் இப்ப யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டு."

"உங்களைத் திட்டவாவது தொண்டை வேணாமா?"

அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும் கோபம் இருந்தது, நிஜமான கோபம். அன்றைக்கு முழுவதும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு உப்பில்லாமல் பட்டாணி வந்தது. மறதியா, வேண்டுமென்றா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை காலையில் டீயை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த 'சார்' பாட்டு. அதுக்கு யாருமே சிரிக்கலையே, அது இதனாலதானா?"

அவர் யோசித்துப் பார்த்தார். அவளை எல்லோரும் ஆண்பிள்ளை என்று நினைத்துச் சார் என்று கூப்பிடுவதைப் பற்றிக் கட்டின பாட்டு அது. ஒரு வாரப் பத்திரிகையில் நாலு வரி எழுதினார்கள்: 'கருத்து நன்று, ஆனால் குழந்தைக் குரலில் பாடும் இவரை யார் சார் என்று அழைப்பார்கள் என்பது விளங்கவில்லை.' அந்தத் துண்டை ஜீரோம்மா கத்தரித்து எங்கேயோ வைத்திருந்தாள்.

"இதனாலதான்" என்றார்.

"நான் பாட்டு சரியா எழுத வரலைன்னு நெனச்சுட்டேங்க. அதுக்கப்புறம் சிரிப்புப் பாட்டே எழுதல."

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தொகுப்புக்காரப் பெண் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. பட்டறையிலேயே வைக்கச் சொன்னார் அவர். பாடின இடம் அது. ஜீரோம்மா பழைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். மிஷின்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பழக்கதோஷத்தில் கடிகாரத்திடம் போய்ப் பேட்டரியை உருவப் பார்த்து, கையை இறக்கிக்கொண்டார்.

"புது முன்னுரையில நடந்ததை எழுதிட்டேன் ஐயா. மிஷின் மெதுவா ஓடினதுன்னு. யாராலன்னு எழுதல."

"எழுதும்மா. நான்தான்னு எழுது."

ஜீரோம்மா அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுப் பக்கத்தில் இழுத்தாள். "எழுது. அம்பத்தெட்டுப் பாட்டையும் பிடிச்சு வெச்சது இவர்தான்னும் எழுது. பாவம் அந்தக் கம்பெனிக்காரன், அவனை இருபத்தேழு வருஷம் திருட்டுப் பயன்னு திட்டினார். அதையும் எழுது."

"எதை முதல்ல போடட்டும்மா?"

"சார்."

அந்தப் பெண் பொத்தானை அமுக்கினாள். கிடார் நாலு தட்டுத் தட்டியது. பிறகு ஜீரோம்மா பாடினாள். பட்டறையில் தொங்கின கத்தரிகள்கூட மெல்ல அதிர்ந்தன. அவ்வளவு கனம்.

சார் சார்னு கூப்பிடறீங்க, சார் இங்க யாருமில்லைங்க,
மீசை இல்லாத தொண்டைங்க இது, வெச்சது யாரோ தெரியலைங்க...

தொகுப்புக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஜீரோம்மாவைப் பார்த்தாள். ஜீரோம்மா ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துத் தழும்பின்மேல் அவள் கை இருந்தது. உதடு கூடவே அசைந்தது.

"ரெண்டாவது அடியில இழுத்துட்டேன்" என்றாள் காற்றாக. "இன்னும் கொஞ்சம் சுருக்காப் பாடியிருக்கணும்."

பாட்டு கடைசிப் பகுதிக்கு வந்தது. வேடிக்கை குறைந்து குரல் இறங்குகிற இடம்.

எந்த வார்டு, எந்தப் படுக்கை, சொல்லுங்க நான் தேடறேன்,
அழுது முடிச்சுப் பேசுங்க, அதுவரைக்கும் லைன்ல இருக்கேன்...

அப்போது மிஷின்காரரின் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மகள். வெளியூரில் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் கூப்பிடுவாள். அப்பாவிடம்தான் பேசுவாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அந்தக் காற்றைக் கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அதோடு அம்மாவுக்குச் செய்தி தட்டி அனுப்புவதோடு சரி.

"அப்பா, சாப்ட்டாச்சா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "அப்பா... பின்னால யாரு?"

அவர் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, அம்மாவா? அம்மாவுக்குக் குரல் வந்துடுச்சா? அம்மாதானே அது? ஏன்பா என்கிட்ட சொல்லல?"

இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பத்துக் கேசட்டில் எதைக் கேட்டும் மகள் அம்மா என்று சொன்னதில்லை. மிஷின்காரர் கைபேசியை அப்படியே மனைவியிடம் நீட்டினார்.

ஜீரோம்மா வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள். அந்தப் பக்கம் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது பட்டறை முழுக்கக் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுபோல.

"இரு" என்றாள் காற்றாக. "லைன் குடுக்கறேன்."

கையை நீட்டி, கைபேசியை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தாள்.